கூடாத குழுக்கள், கலையும் ஆணையங்கள்

2019 அக்டோபர் 23 அன்று ஜம்மு-காஷ்மீர் அரசின் பொது நிர்வாகத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. மாநிலம் ஒன்றியப் பிரதேசமாக மாறுவதை ஒட்டி வந்த ஆணை அது. மனித உரிமை ஆணையம், தகவல் ஆணையம், நுகர்வோர் குறைதீர் ஆணையம், மின்சார ஒழுங்குமுறை ஆணையம், பெண்கள்-குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், மாற்றுத்திறனாளிகள் ஆணையம், பொறுப்புடைமை ஆணையம் என ஏழு அமைப்புகள் அந்த மாதக் கடைசியோடு இழுத்து மூடப்பட்டன. கட்டடங்களும் மேசை நாற்காலிகளும் எஸ்டேட் துறைக்கு, வண்டிகள் அரசு மோட்டார் பணிமனைக்கு, கோப்புகள் சம்பந்தப்பட்ட துறைகளுக்கு என்று ஆணை பங்கு பிரித்துக் கொடுத்தது. துறைகளின் மீது மக்கள் கொடுத்த புகார்கள் அந்தத் துறைகளின் அலமாரிக்கே போய்ச் சேர்ந்தன.

அடுத்த ஆண்டு அதே அக்டோபர் மாதம், ஆந்திரத்தில் நேர்மாறான காட்சி. 139 பிற்படுத்தப்பட்ட சாதிகளுக்கென 56 நலக் கழகங்களை அமைத்த ஜெகன்மோகன் ரெட்டி அரசு, 56 தலைவர்களையும் ஒரே மூச்சில் அறிவித்தது.

மற்ற மாநிலங்களின் வாரியங்களும் ஆணையங்களும் ஆலோசனைக் குழுக்களும் இந்த இரு முனைகளுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன. கஜானா காலி என்ற பேச்சு எழும்போதெல்லாம் ‘இத்தனை வாரியம் எதற்கு, இணைத்துவிடலாமே’ என்ற யோசனையும் கூடவே எழுகிறது. யோசனையில் பிழையில்லை. ஆனால், இணைப்பு எப்போதும் எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். எந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, யார் அதன் படியேறி வருகிறார்கள், அது சொன்னதற்கு அரசு பதில் சொன்னதா என்று கேட்டுவிட்டுக் கணக்கெடுத்தால், மூட வேண்டிய பட்டியல் வேறாக இருக்கும்.

பெருக்கத்துக்கான அரசியல் காரணம் ஊரறிந்தது. 2003ஆம் ஆண்டின் 91ஆவது அரசமைப்புத் திருத்தம், அமைச்சரவையின் அளவைச் சட்டப்பேரவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காடு என்று கட்டிப்போட்டது. 234 பேர் கொண்ட தமிழ்நாட்டில் முதல்வரையும் சேர்த்து 35 பேர்தான் அமைச்சராகலாம். 224 பேர் கொண்ட கர்நாடகத்தில் 34. அந்த 34 நாற்காலி போதாமல், 2024 ஜனவரியில் கர்நாடக அரசு இன்னொரு 34 எம்.எல்.ஏ.க்களை வாரிய, கழகத் தலைவர்களாக ஒரே பட்டியலில் நியமித்தது. திட்டமிட்டதோ தற்செயலோ, அமைச்சரவைக்குச் சரிசமமான எண்ணிக்கை!

இந்த நாற்காலிகளில் உட்கார்வது சில நேரம் பதவிக்கே உலை வைக்கும். உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சி கவுன்சிலின் தலைவராக இருந்ததற்காக ஜெயா பச்சன் 2006இல் மாநிலங்களவைப் பதவியை இழந்தார். சம்பளமோ படியோ வாங்கவில்லை என்பது அவருடைய வாதம். அந்தப் பதவியில் ஆதாயம் பெற வழி இருக்கிறதா என்பதே கேள்வி, வாங்கினாரா என்பதல்ல என்றது உச்ச நீதிமன்றம். விளைவு என்ன? நாடாளுமன்றம் அந்த ஆண்டே 55 பதவிகளை விலக்குப் பட்டியலில் சேர்த்துச் சட்டத்தைத் திருத்தியது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் அந்த மசோதாவை ஒருமுறை திருப்பி அனுப்பினார்; மறுபடியும் நிறைவேற்றப்பட்டு வந்தபோது ஒப்புதல் அளித்தார். தேவையற்ற பதவிகளைக் குறைக்கக் கிடைத்த ஒரு நல்ல சந்தர்ப்பம், பதவிகளைக் காப்பாற்றும் சட்டமாக முடிந்தது.

எல்லாப் பழியையும் அரசியல்வாதிகள் தலையில் கட்டிவிடவும் முடியாது. மாநிலங்களில் இருக்கும் குழுக்களில் கணிசமானவை நாடாளுமன்றச் சட்டங்களின் பிள்ளைகள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதல்வர் தலைமையில் மாநில வாரியம் வேண்டும் என்கிறது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், ஒழுங்குமுறை ஆணையத்துக்கு 21 பேர் வரை கொண்ட ஆலோசனைக் குழுவைத் தருகிறது. விவசாயி, தொழிலாளர், நுகர்வோர், வணிகர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாநில உணவு ஆணையத்தைக் கேட்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாநில ஆலோசனை வாரியத்தை அமைக்கச் சொல்வதோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும் என்றும் சொல்கிறது. கோட்டையில் உட்கார்ந்து ஓர் அரசாணையால் இவற்றைக் கரைத்துவிட முடியாது. முடிவது ஒன்றுதான்: கூட்டாமல் விட்டுவிடுவது. பல மாநிலங்கள் அதைத்தான் செய்கின்றன.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் கண்காணிப்புக் குழுவை எடுத்துக்கொள்வோம். 1995ஆம் ஆண்டின் விதிகளில் 16ஆவது விதி, ஒவ்வொரு மாநிலத்திலும் முதல்வர் தலைமையில் 25 பேருக்கு மிகாத உயர்நிலைக் குழு ஒன்றைக் கேட்கிறது. உள்துறை, நிதித்துறை அமைச்சர்கள், பட்டியல் சாதி, பழங்குடியின எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், தலைமைச் செயலர், காவல்துறைத் தலைமை இயக்குநர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். எப்போது என்பதையும் விதியே சொல்லிவிட்டது: ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும். எத்தனை வழக்குகள் பதிவாயின, எத்தனை தண்டனையில் முடிந்தன, நிவாரணத் தொகை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது அதன் வேலை.

இவ்வளவு தெளிவான விதி இருந்தும், 2021 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் தலைமையில் இந்தக் குழு தமிழ்நாட்டில் கூடியபோது அது பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நடந்த கூட்டமாக இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் குழுவை யாரும் கலைக்கவில்லை. காகிதத்தில் அது உயிரோடுதான் இருந்தது. கலைத்திருந்தால் சட்டப்பேரவையில் கேள்வி எழுந்திருக்கும், வழக்கு வந்திருக்கும், தலைப்புச் செய்தியாகியிருக்கும். கூட்டாமல் விட்டதால் ஒரு முணுமுணுப்போடு போயிற்று. சிக்கனத்தின் பெயரால் குழுக்களை எண்ணுகிறவர்கள் இந்தக் குழுவையும் ‘ஒன்று’ என்றுதான் எண்ணுவார்கள். உறுப்பினர்கள் படி வாங்காத, தேநீர்ச் செலவுகூட வைக்காத குழு என்பதால் மிச்சப்படுத்த அதில் எதுவும் இல்லை. ஊர்ப்புறத்தில் இழப்பு மட்டும் இருந்தது.

கூடுகிற கூட்டங்களும் எப்படிக் கூடுகின்றன என்பது வேறு கதை. அரசு ஆலோசனைக் கூட்டங்களுக்குப் போய் வந்தவர்களுக்கு நடைமுறை மனப்பாடம். கூட்டப் பொருள் அடங்கிய கோப்பு முந்தின நாள் மாலை வரும், சில நேரம் மேசையிலேயே காத்திருக்கும். வரவேற்புரை, துறைச் செயலரின் சாதனை விளக்கம், திரையில் படக்காட்சி. அதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். உறுப்பினர்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். போன கூட்டத்தின் தீர்மானங்கள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ற பத்தியில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற இரண்டு சொற்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இறங்கும். உறுப்பினர்-செயலர் பெரும்பாலும் வேறொரு துறையின் அதிகாரி; இது அவருக்குக் கூடுதல் பொறுப்பு. அவர் மாற்றலாகிப் போனால் குழுவின் நினைவும் அவரோடு போய்விடும். தனி அலுவலகமும் ஒரு முழுநேரச் செயலரும் இல்லாத பத்துக் குழுக்களைவிட, அவை இரண்டும் உள்ள மூன்று குழுக்கள் மேல் என்ற வாதம் வலுப்பெறுவது இந்த இடத்தில்தான். சீரமைப்பை ஆதரிக்க இதைவிட நேர்மையான காரணம் கிடைக்காது.

பழங்குடியினர் ஆலோசனை மன்றத்தின் கதை இன்னும் விசித்திரம். அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் அமைப்பு அது. தமிழ்நாட்டில் பட்டியல் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம் ஏதுமில்லை. இருந்தும், மேற்கு வங்கத்தைப் போல இங்கேயும் மன்றம் உண்டு. இருபது உறுப்பினர் வரை இருக்கலாம், அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பழங்குடியின எம்.எல்.ஏ.க்களாக இருக்க வேண்டும் என்பது அட்டவணையின் கணக்கு. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. எம்.எல்.ஏ.க்கள் போதாவிட்டால் மீதி இடங்களை அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மற்றவர்களால் நிரப்பலாம் என்று அட்டவணையே வழிவிட்டிருக்கிறது. நியாயமாகப் பார்த்தால், நீலகிரியிலும் கல்வராயனிலும் சத்தியமங்கலத்திலும் இருக்கும் இருளர், குறும்பர், மலையாளிச் சமூகங்களின் குரலை நேரடியாகக் கோட்டைக்குக் கொண்டுவர இதைப்போல இன்னொரு வாசல் இல்லை. இதே மக்களுக்காக 2007இல் பழங்குடியினர் நல வாரியம் ஒன்றும் வந்தது. 2021இல் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையமும் சட்டத்தின் மூலம் வந்தது. மூன்றுக்கும் வேலை வேறு: ஒன்று கொள்கை சொல்வது, ஒன்று உதவி வழங்குவது, ஒன்று புகார் விசாரிப்பது. ஆள்பலமும் ஆய்வு வசதியும் மட்டும் மூன்றுக்கும் பொதுவாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

தமிழ்நாட்டில் ‘இணைப்பு’ அதிகக் கசப்பை விட்டுச்சென்ற இடம் தொழிலாளர் நல வாரியங்கள். எழுபதுகளின் இறுதியில் கட்டுமானத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். நிர்மாண் மஸ்தூர் பஞ்சாயத்து சங்கம் அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றது. 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்துதான் 1994 நவம்பரில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் கிடைத்தது. 1999இல் உடலுழைப்புத் தொழிலாளர் வாரியம். பிறகு சலவை, முடிதிருத்தம், தையல், பனை, ஆட்டோ, கைவினை, கைத்தறி, காலணி, மண்பாண்டம், பொற்கொல்லர், வீட்டுப் பணியாளர், பாதையோர வணிகர் என்று தொழில்வாரியாக வரிசை நீண்டது. 2023இல் உணவு கொண்டுவரும் இளைஞர்களையும் வாடகை வண்டி ஓட்டுநர்களையும் மனதில் கொண்டு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கும் ஒரு வாரியம் சேர்ந்தது.

2001-2006 அ.தி.மு.க. ஆட்சியில் பல வாரியங்கள் கலைக்கப்பட்டு ஒன்றாக்கப்பட்டன. 2006இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் தனித்தனி வாரியங்கள் மீண்டன. இணைத்ததற்கும் பிரித்ததற்கும் நிர்வாகக் காரணத்தைவிட ஆட்சிமாற்றமே காரணமாக இருந்தது என்று சொல்வது மிகையாகாது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வாரிய உறுப்பினர் அட்டை வைத்திருந்தவர்கள்.

இன்று அந்த அட்டையை வாங்கவோ புதுப்பிக்கவோ ஒரு தையல் தொழிலாளி என்ன செய்கிறார் என்று பார்த்தால் இணைப்பு விவாதத்தின் பாதிப் புகைமூட்டம் விலகிவிடும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், வயதுச் சான்று, இந்தத் தொழில்தான் செய்கிறேன் என்பதற்கான பணிச்சான்று ஆகியவற்றோடு அவர் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிறார். ஓ.டி.பி. வருகிற கைபேசி வேலைக்குப் போன மகனிடம் இருக்கும்; அவனைக் கூப்பிட்டு எண்ணைக் கேட்பதற்குள் நேரம் கடந்துவிடும்; மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாகப் பதிவேறிய விண்ணப்பம், மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்துக்குப் போகிறது. அடுத்த வரிசையில் நின்ற சலவைத் தொழிலாளியின் விண்ணப்பமும் அங்கேதான். ஆட்டோ ஓட்டுநருடையதும் அங்கேதான். ஒரே இணையதளம், ஒரே அலுவலகம், பெரும்பாலும் அதே எழுத்தர்.

ஆக, பின்கட்டு ஏற்கெனவே ஒன்றாகத்தான் இயங்குகிறது. தனித்தனியாக இருப்பது இரண்டு: வாரியக் கூட்டத்தில் அந்தத் தொழிலின் பிரதிநிதிக்குக் கிடைக்கும் நாற்காலி, அந்த வாரியத்தின் நிதி. வாரியங்களை ஒன்றாக்கினால் மிச்சமாவது தலைவர்களின் காரும் சில அறைகளும். போவது சலவைத் தொழிலாளியும் முடிதிருத்துவோரும் அரசுக்கு எதிரில் உட்கார்ந்து பேசும் இடம். எண்ணிக்கையில் பெரிய கட்டுமானத் தொழிலாளர்கள் எந்த வாரியத்திலும் தங்கள் குரலைக் கேட்கச் செய்துவிடுவார்கள். பனைத் தொழிலாளியால் முடியுமா?

நிதி இன்னும் நுட்பமான விவகாரம். கட்டுமான வாரியத்துக்குக் கட்டடச் செலவில் 1 விழுக்காடு நலவரியாக வருகிறது. மற்ற பல வாரியங்களுக்கு இப்படிச் சொந்த ஊற்று இல்லை, அரசு மானியத்தை எதிர்பார்த்தே நிற்கின்றன. குவிந்த பணம் எந்தக் கதிக்கு ஆளாகும் என்பதற்கு 2018இல் நீதிபதி மதன் லோகுர் அமர்வு கண்ட காட்சி சாட்சி: கட்டுமானத் தொழிலாளர் நலவரியில் மடிக்கணினியும் துணி துவைக்கும் இயந்திரமும் வாங்கிய கதைகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. பானைகளைக் கலந்துவிட்டால் எவர் பணம் எவருக்குப் போயிற்று என்று கேட்கவே முடியாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், கட்டுமானத்துக்கு ஒரு வாரியம், மற்ற அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு ஒரு வாரியம் என்ற சட்டகத்தோடு வந்திருக்கிறது. தமிழ்நாட்டின் தொழில்வாரி வாரியங்கள் அதற்குள் எப்படிப் பொருந்தும் என்று தொழிற்சங்கங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

நல வாரியங்களுக்கும் புகார் விசாரிக்கும் ஆணையங்களுக்கும் ஒரே அளவுகோல் வைக்கக் கூடாது. பின்னவை அரசையே கூண்டில் ஏற்றும் இடங்கள். மூடப்பட்ட அந்தக் காஷ்மீர் மனித உரிமை ஆணையம்தான், வடக்குக் காஷ்மீரின் 38 இடங்களில் பெயர் குறிக்கப்படாத புதைகுழிகளில் அடையாளம் தெரியாத 2,156 உடல்கள் இருப்பதாக 2011இல் விசாரித்துச் சொன்னது. அதிகாரம் குறைந்த ஆணையம்தான். ஆனாலும், ஸ்ரீநகரில் ஒரு வாசல் இருந்தது. பாரமுல்லாவில் மகனைத் தொலைத்த தாய்க்கு இன்று அந்த வாசல் டெல்லியில் இருக்கிறது. ஜார்க்கண்ட் இதையும் மிஞ்சியது. அங்கே தகவல் ஆணையத்தை யாரும் மூடவில்லை; 2020 மே மாதம் கடைசி ஆணையரின் காலம் முடிந்த பிறகு, ஆண்டுக்கணக்கில் எவரையும் நியமிக்கவே இல்லை.

முறையாக, சட்டம் போட்டு இணைத்தாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. பிரிட்டனில் இனம், பாலினம், மாற்றுத்திறன் ஆகியவற்றுக்கென இருந்த மூன்று ஆணையங்களை 2007இல் சமத்துவ-மனித உரிமை ஆணையமாக ஒன்றாக்கினார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்கு 7 கோடி பவுண்டு அளவில் இருந்த அதன் நிதி, பின்னாளில் 2 கோடிக்கும் கீழே சரிந்தது. மூன்று ஆணையங்களின் நிதியில் கைவைத்திருந்தால் மூன்று சண்டைகள் மூண்டிருக்கும். ஒன்றாக்கிய பிறகு வெட்டுவது எளிதாயிற்று.

பிரிட்டனிலிருந்தே இன்னொரு கணக்கு. 2010இல் கேமரன் அரசு 901 பொது அமைப்புகளை ஆராய்ந்து, 192ஐ ஒழிப்பதாகவும் 118ஐ 57ஆகக் குறுக்குவதாகவும் அறிவித்தது. ஒழிந்தவற்றில் ஒன்று, உள்ளாட்சிகளின் கணக்கைத் தணிக்கை செய்ய ஆள் நியமித்து வந்த தணிக்கை ஆணையம். 2015 மார்ச்சில் அது மூடப்பட்டது. தணிக்கையைத் தனியார் நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். 2022-23 கணக்கை உரிய நாளுக்குள் தணிக்கை முடித்து வெளியிட்ட இங்கிலாந்து உள்ளாட்சிகள் சுமார் 1 விழுக்காடு. 2023 செப்டம்பரில் 918 தணிக்கைகள் தேங்கிக் கிடந்தன. கடைசியில் 2024 டிசம்பரில், உள்ளாட்சித் தணிக்கைக்கென்று புதிதாக ஓர் அலுவலகம் அமைக்கப்போவதாக அரசு அறிவித்தது. ஒழித்ததையே திரும்பக் கட்டுவதற்கு ஆன செலவை எந்தச் சிக்கனக் கணக்கில் எழுதுவது?

வெறும் ஆலோசனை அமைப்புகள் என்று எளிதில் ஒதுக்கப்படுகிறவற்றின் இழப்பு இவ்வளவு கண்ணுக்குத் தெரிவதில்லை. அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் 1952இல் தொடங்கியது. கமலாதேவி சட்டோபாத்யாய் அதன் முதல் தலைவர். 2020 ஜூலை 27 அன்று கைத்தறி வாரியமும், ஆகஸ்ட் 3 அன்று கைவினை வாரியமும் ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தால் கலைக்கப்பட்டன. ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள்! குறைந்த அரசு, நிறைந்த ஆளுகை என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த வாரியங்கள் கடைசிக் காலத்தில் சுறுசுறுப்பாக இயங்கின என்று யாரும் வாதிட மாட்டார்கள். காஞ்சிபுரத்தின் நெசவாளியும் கட்ச்சின் சாயக்காரரும் அமைச்சகத்தின் மேசைக்கு வர இருந்த வழியைச் செப்பனிடுவதற்குப் பதிலாக அடைத்ததுதான் குற்றம்.

தமிழ்நாட்டில் மாநிலத் திட்டக் குழுவின் கதை பெயர்ப்பலகையின் கதையாகப் பாதியும் வேலையின் கதையாகப் பாதியும் இருக்கிறது. 1971இல் கருணாநிதி ஆட்சியில் தொடங்கியது. 2020இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு என்று பெயர் மாறி, ஆட்சி மாறியபின் பழைய பெயருக்கே திரும்பியது. காலை உணவுத் திட்டம் வந்த பள்ளிகளில் மாணவர் வருகை கூடியிருப்பதை ஆய்ந்து சொன்னது இந்தக் குழுதான். ஓர் ஆலோசனை அமைப்பு செய்ய வேண்டிய காரியம் அது, அளந்து பார்த்து அச்சிட்டுத் தருவது. இதற்கு மாறாக, 2021இல் ரகுராம் ராஜன், எஸ்தர் டுஃப்லோ, ழான் திரேஸ், அரவிந்த் சுப்பிரமணியன், எஸ். நாராயண் ஆகியோரைக் கொண்டு அமைத்த முதல்வரின் பொருளாதார ஆலோசனைக் குழு பெரும் ஆரவாரத்தோடு அறிவிக்கப்பட்டது. அந்த ஐவரும் என்ன ஆலோசனை சொன்னார்கள் என்று பொதுவெளிக்கு வந்தது கொஞ்சமே. உலகப் புகழ் பெற்றவர்களிடம் யோசனை கேட்பது நல்லதுதான். கேட்டதை மக்களுக்கும் சொல்லலாமே!

அமைப்புகளுக்கு ஆயுள் குறித்துவிடும் முறை அமெரிக்காவின் டெக்சஸில் 1977 முதல் இருக்கிறது. பெரும்பாலான மாநில அமைப்புகளுக்குச் சட்டத்திலேயே முடிவுத் தேதி உண்டு, பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டு. தேதி நெருங்கும்போது தனிக் குழு ஒன்று ஆராய்ந்து, தொடரலாமா, இணைக்கலாமா, மூடலாமா என்று சொல்கிறது. சட்டமன்றம் புதுப்பிக்காவிட்டால் அமைப்பு தானாகக் காலாவதியாகிவிடும். இதிலும் ஆபத்து உண்டு: 2017இல் அரசியல் இழுபறியில் புதுப்பிக்கும் மசோதா சிக்கிக்கொள்ள, மருத்துவர்களுக்கு உரிமம் தரும் வாரியமே காலாவதியாகும் நிலை வந்து, ஆளுநர் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். நம் நாட்டில் இந்திய சட்ட ஆணையம் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிதாக அமைக்கப்படுகிறது. 22ஆவது ஆணையத்தை அமைக்க 2020 பிப்ரவரியில் அரசு ஆணையிட்டது. தலைவர் வந்தது 2022 நவம்பரில். மூன்றாண்டு ஆயுளில் பெரும்பகுதி நாற்காலி காலியாகவே கழிந்தது. பிறகு ஆயுளை நீட்டிக்க வேண்டியதாயிற்று. முடிவுத் தேதி எழுதும் அரசு, நியமனத்துக்கும் கெடு எழுதிக்கொள்ளாவிட்டால் இதுதான் நடக்கும்.

தமிழ்நாட்டுக்குத் தேவையான சீரமைப்பு இவ்வளவு சிக்கலானதல்ல. புகார் விசாரிக்கும் ஆணையங்களைத் தனித்தனியாகவே விட்டு, பதிவேட்டையும் படிவத்தையும் பொதுவாக்கலாம். பல ஆணையங்களுக்கும் ஒரே மாதிரிப் புகார்ப் படிவம் வேண்டும் என்று வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் சொல்லிப் பல ஆண்டுகளாகின்றன. கணவனால் தாக்கப்பட்ட தலித் பெண் மகளிர் ஆணையத்துக்குப் போவதா, ஆதிதிராவிடர் ஆணையத்துக்குப் போவதா, மனித உரிமை ஆணையத்துக்குப் போவதா என்ற குழப்பத்தைத் தீர்க்க ஆணையங்களை ஒன்றாக்க வேண்டியதில்லை; எந்த வாசலில் கொடுத்தாலும் உரிய இடத்துக்குப் போகும் என்ற ஏற்பாடு போதும். தொழிலாளர் வாரியங்களில் தொழில்வாரிப் பிரதிநிதித்துவமும் தனிக்கணக்கும் நீடிக்கட்டும். தலைவர் பதவிகளை வேண்டுமானால் குறைக்கலாம். அரசாணையால் மட்டும் பிறந்த ஆலோசனைக் குழுக்களில், இரண்டு ஆண்டு கூடாதவை எதுவானாலும் தானாகக் காலாவதியாகட்டும். சட்டம் கேட்கும் குழுக்கள் கூடாவிட்டால், ஏன் கூடவில்லை என்று துறையின் அமைச்சர் பேரவையில் சொல்லட்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கும் வழி கையிலேயே இருக்கிறது. மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றைப் பேரவையில் வைக்கிறது. வண்ணப்படங்களோடு தடித்த புத்தகமாக வரும் அதில் ஒரே ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்தால் போதும்: துறையின் கீழ் உள்ள வாரியங்கள், ஆணையங்கள், குழுக்களின் பெயர், கடைசியாகக் கூடிய தேதி, காலியிடங்கள், கொடுத்த பரிந்துரைகளில் அரசு ஏற்றவை. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், தலைமைச் செயலரின் ஒரு சுற்றறிக்கை போதும். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். முதல்வர் தலைமையிலான கண்காணிப்புக் குழு, பழங்குடியினர் ஆலோசனை மன்றம், பழங்குடியினர் நல வாரியம், தூய்மைப் பணியாளர் நல வாரியம், புதிரை வண்ணார் நல வாரியம், மாநில ஆணையம் என எல்லா வகையும் அந்த ஒரே குறிப்புக்குள் வந்துவிடும். கண்காணிப்புக் குழுவுக்கு எதிரே இரண்டு தேதிகள் இருக்க வேண்டும், ஒன்று ஜனவரியில், ஒன்று ஜூலையில்.